29 சொற்கள்: ஓதுவதை விளங்க அரபி கற்போம்

 

அல்லாஹ்வின் பேரருளால் ரமளானை நிறைவு செய்து ஷவ்வாலில் இருக்கிறோம். தராவீஹில் அல்ஹம்திலிருந்து நாஸ் வரை முப்பது ஜுஸ்வையும் நின்று கேட்டோம். கத்தம் செய்த இரவில் துஆ கேட்டோம், இனிப்பு கொடுத்தோம். அல்லாஹ் கபூல் செய்வானாக. அரபிக் கல்லூரிகளில் புதிய பாட ஆண்டு தொடங்குவதும் இந்த ஷவ்வால் மாதத்தில்தான். அதனால் இன்று அரபி மொழியைப் பற்றி உங்களிடம் பேச நினைக்கிறேன். நம்மைப் பற்றிய பேச்சாக இருக்கும் என்பதால் கொஞ்சம் கசக்கலாம். முதல் கசப்பு எனக்குத்தான்.

இந்த ரமளானில் பத்தொன்பதாவது ஜுஸ்வு ஓதிய இரவு, முதல் ரக்அத்திலேயே எனக்குக் குரல் அடைத்துவிட்டது. சூரத்துல் ஃபுர்கானில் 30-ஆவது வசனம். அதைத் தாண்ட முடியாமல் இரண்டு மூன்று முறை திரும்ப ஓதினேன். தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். அறுபது வயதைத் தாண்டியவர், கடை வைத்திருப்பவர். பெயர் வேண்டாம், அவர் இப்போதும் ஸஃப்பில் இருக்கிறார்.

"ஹஜ்ரத், ஏன் நின்னீங்க? மறந்துருச்சா?"

"இல்லை பாய். மறக்கலை" என்றேன்.

"அப்ப அங்க என்ன இருக்கு?"

சொன்னேன். மறுமையில் நம்முடைய ரஸூல் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் ஒரு முறையீடு வைப்பார்கள். 'என் சமூகத்தார் இந்தக் குர்ஆனை ஒதுக்கி வைத்துவிட்டார்கள்' என்ற கருத்தில் அமைந்த முறையீடு. அந்த இடத்தில் 'மஹ்ஜூர்' என்ற சொல் வருகிறது. ஊரை விட்டு நீங்கிப் போவதற்கு ஹிஜ்ரத் என்கிறோமே, அதே வேர்ச்சொல்தான். மஹ்ஜூர் என்றால் விட்டு நீங்கப்பட்டது.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாப்பது வருஷமா இந்தப் பள்ளியில தராவீஹ் தொழுறேன். நாப்பது தடவை இதைக் கேட்டிருப்பேன்ல? ஒரு தடவைகூட யாரும் சொல்லலையே ஹஜ்ரத்" என்றார்.

சகோதரர்களே, அவர் கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நாற்பது வருடத்தில் என்னுடைய வருடங்களும் இருக்கின்றன. ஏழு ஆண்டுகள் மதரஸாவில் உட்கார்ந்து மீஸான் ஓதி, நஹ்வு ஓதி, ஜலாலைன் ஓதி, ஸனது வாங்கி வந்தவன் நான். ஜமாஅத்தார் என் சம்பளத்தை ஒரு மாதமும் நிறுத்தியதில்லை. நான் படித்ததில் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தேன்?

அந்த வசனம் முதலில் பேசுவது, குர்ஆனைக் கேட்க மறுத்துக் கூச்சலிட்ட மக்கத்துக் காஃபிர்களைப் பற்றி. அதை அப்படியே தூக்கித் தொழுகையாளிகள் தலையில் போடுவது நியாயமில்லை. ஆனால் இப்னு கஸீர் (ரஹ்) போன்ற முஃபஸ்ஸிர்கள், குர்ஆனைச் சிந்திக்காமலும் விளங்காமலும் விட்டுவிடுவதும் அதை ஒதுக்குவதில் ஒரு வகை என்று எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் எனக்குக் குரல் அடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விளங்காமல் ஓதினால் பயனில்லை என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு. ஒரு எழுத்துக்குப் பத்து நன்மை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியில் இருக்கிறது. திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் முஸ்லிமில் இருக்கிறது. எழுத்துக்கூட்டி யாஸீன் ஓதும் நம் உம்மாமார்களின் நன்மையைப் பறிக்க யாருக்கும் உரிமை இல்லை. ஓதுங்கள், நிறுத்தாதீர்கள். ஆனால் ஓதியதோடு நின்றுவிடவும் வேண்டாம். 'நீங்கள் விளங்கிக்கொள்வதற்காக இதை அரபி மொழிக் குர்ஆனாக இறக்கினோம்' என்ற கருத்தைச் சூரா யூசுஃபின் ஆரம்பத்திலேயே அல்லாஹ் சொல்கிறான்.

விளங்கினால் என்ன நடக்கும் என்பதற்கு ஸஹாபாக்களின் வாழ்க்கையிலிருந்து ஒன்று. ஜுபைர் இப்னு முத்இம், பத்ருப் போரின் கைதிகள் விஷயமாகப் பேச மதீனா வந்தார். அப்போது அவர் முஸ்லிம் இல்லை, எதிரணிக்காரர். மஃரிப் தொழுகையில் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சூரத்துத் தூர் ஓதுகிறார்கள். இவர் வெளியாளாக நின்று கேட்கிறார். இந்த மக்கள் எதுவுமே இல்லாமல் தானாகப் படைக்கப்பட்டுவிட்டார்களா, அல்லது இவர்களே படைப்பாளர்களா என்று கேள்வி மேல் கேள்வியாக வரும் இடம் அது. அதைக் கேட்டபோது தன் இதயம் பறந்துவிடும்போல் ஆனது என்று அவரே பின்னாளில் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. யாரும் அவருக்குப் பயான் செய்யவில்லை. மொழி தெரிந்தது, காதில் விழுந்தது, உள்ளே போய்விட்டது. நமக்குக் காது வரை வருகிறது, அங்கேயே நின்றுவிடுகிறது.

'ஹஜ்ரத், தமிழில்தான் தர்ஜுமா இருக்கிறதே' என்று கேட்பீர்கள். இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி (ரஹ்) அவர்கள் எத்தனையோ ஆண்டுகள் உழைத்து முழுக் குர்ஆனுக்கும் தமிழாக்கம் தந்தார்கள். அவர்களுக்குப் பின்னும் பலர் செய்திருக்கிறார்கள். தினமும் அதைப் படியுங்கள், படிப்பவர் படிக்காதவரைவிட மேல். ஆனால் தொழுகையில் நிற்கும்போது கையில் தர்ஜுமா இருக்காது. இமாம் ஓதுவது காதில் விழும் அந்த நொடியில் பொருள் மனதில் விழ வேண்டுமானால், அந்தச் சொல்லே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

'நான் பதினைந்து வருடம் சவூதியில் இருந்தவன், எனக்கு அரபி தெரியும்' என்று சொல்லும் சகோதரர்களும் இங்கே இருக்கிறார்கள். நீங்கள் பேசியது கடைவீதி அரபி. 'இப்போது' என்பதற்கு வளைகுடாவில் 'அல்ஹீன்' என்பார்கள். குர்ஆனில் 'அல்ஆன'. அங்கே 'ஸய்யாரா' என்றால் கார். சூரா யூசுஃபிலும் ஸய்யாரா வருகிறது. ஒரு சகோதரர் என்னிடம் சிரித்துக்கொண்டே, "ஹஜ்ரத், கிணத்துல கிடந்த யூசுஃப் நபியை ஸய்யாராவா வந்து எடுத்துச்சு?" என்று கேட்டார். ஆமாம், ஸய்யாராதான் எடுத்தது. குர்ஆனில் அதற்குப் பயணக் கூட்டம், வணிகர் கூட்டம் என்று பொருள். அந்தப் பழைய சொல்லைத்தான் பிற்காலத்தில் காருக்கு வைத்தார்கள். ஆனாலும் உங்கள் வளைகுடா வருடங்கள் வீணில்லை. நீங்கள் சாமான் வாங்கிய 'பகாலா' கடையின் வேர், சூரத்துல் பகராவில் பனூ இஸ்ராயீல்கள் கீரை கேட்கும் இடத்தில் 'பக்ல்' என்று வருகிறது. உங்களுக்குப் பாதித் தூரம் கடந்தாயிற்று.

மற்றவர்களும் பயப்பட வேண்டாம். அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று எழுத்து வேரிலிருந்து கிளம்புகின்றன. ஜீம், மீம், ஐன். இதிலிருந்துதான் ஜும்ஆ, ஜமாஅத், ஜாமிஉ மஸ்ஜித், இஜ்திமா எல்லாம். 'ஒன்று சேர்த்தல்' என்ற ஒரே கரு. இல்மு, ஆலிம், உலமா, முஅல்லிம், தஃலீம், இவையும் ஒரே குடும்பம். இதெல்லாம் உங்கள் வாயில் தினமும் புழங்குகிற சொற்கள்.

இன்னொன்று சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். பள்ளிவாசல் பக்கம் வராத நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்களும் தினமும் அரபி வேர்ச் சொற்களைப் பேசுகிறார்கள். வக்கீல், வாரிசு, பாக்கி, ரத்து, காலி, ஆஜர், அசல், நகல், வசூல். நவாபு காலத்துக் கச்சேரியிலிருந்து பார்சி வழியாகவும் உருது வழியாகவும் தமிழுக்குள் வந்தவை. வக்கீல் என்பது யாரிடம் காரியத்தை ஒப்படைக்கிறோமோ அவர். கஷ்டம் வந்தால் அல்லாஹ்வே நமக்குச் சிறந்த வக்கீல் என்ற பொருளில் நாம் சொல்லும் திக்ரு எல்லோருக்கும் மனப்பாடம்தானே? 'மாமூல்' என்ற சொல்லும் அமல் என்ற அதே வேரிலிருந்து வந்ததுதான். மறுமையில் அமல் கேட்கப்படும், மாமூல் எடுபடாது. அது வேறு பயானுக்கு.

இப்போது சூரத்துல் ஃபாத்திஹாவுக்கு வாருங்கள். ஒரு நாளைக்கு ஃபர்ளு மட்டும் 17 ரக்அத். ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கில் வருடத்துக்கு 6,000 ரக்அத்துக்கு மேல். அந்தப் பெரியவரின் நாற்பது வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 2,40,000 ரக்அத்துக்கு மேல். ஷாஃபிஈகள் இமாமுக்குப் பின்னாலும் ஓதுகிறார்கள், ஹனஃபிகள் மௌனமாக நிற்கிறோம். எப்படியானாலும் ஃபாத்திஹா நம்மைக் கடந்து போகிறது. பிஸ்மியையும் சேர்த்து அதில் மொத்தம் 29 சொற்கள். அதிலும் சில திரும்ப வருபவை. இத்தனை லட்சம் முறை கடந்து போகும் 29 சொற்களுக்கு நாம் ஒரு மாதம் ஒதுக்கவில்லை.

எத்தனை சொல் ஏற்கெனவே தெரியும் பாருங்கள். ஹம்து: அஹ்மது, முஹம்மது, ஹமீது, மஹ்மூது எல்லாம் அதன் பிள்ளைகள், உங்கள் வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கும். றப்பு, ரஹ்மான், ரஹீம் தெரியும். யவ்ம் என்றால் நாள், யவ்முல் கியாமத் என்கிறோம். ஸிராத் தெரியும், முஸ்தகீமும் தெரியும். 'அன்அம்த்த' என்ற சொல்? இனாம் என்று சொல்கிறோமே, இனாம் நிலம் என்று பத்திரத்தில் எழுதியிருக்குமே, அதே வேர். விலை வாங்காமல் அருளாகக் கொடுப்பது. 'நீ எவர்களுக்கு அருள்புரிந்தாயோ' என்று பொருள். நேர்வழி கிடைத்தவர்களுக்கு அது இனாமாகக் கிடைத்தது, அவர்கள் விலை கொடுத்து வாங்கவில்லை. இதை நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லை ஓதிப் பாருங்கள்.

தெரிந்த சொல் ஏமாற்றும் இடமும் உண்டு. 'தீன்' என்றால் மார்க்கம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஃபாத்திஹாவில் 'யவ்மித் தீன்' மார்க்க நாள் இல்லை. செய்ததற்குக் கூலி கொடுக்கப்படும் நாள், கணக்குத் தீர்க்கும் நாள். அதே தால், யா, நூன் வேரில் 'தைன்' என்றால் கடன். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், பகராவின் 282, கடன் எழுதி வைப்பதைப் பற்றியதுதான். வியாபாரிகள் நிறைந்த ஜமாஅத் இது, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து 'இய்யாக்க நஃபுது'. சாதாரணமாக 'உன்னை வணங்குகிறோம்' என்று சொல்ல வேண்டுமானால் அரபியில் 'நஃபுதுக்க' என்றாலே போதும். 'உன்னை' என்பதைப் பிரித்து எடுத்து முன்னால் வைத்ததால் பொருள் மாறுகிறது. 'உன்னையே' என்றாகிறது, வேறு யாரையும் இல்லை. தமிழுக்கு இந்த ஒரு 'ஏ' இருப்பது அல்லாஹ்வின் கிருபை. பல மொழிகளில் இதைச் சொல்ல இன்னும் இரண்டு சொல் வேண்டும். அதே இடத்தில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. அதுவரை அல்லாஹ்வைப் பற்றி 'அவன்' என்று புகழ்ந்துகொண்டிருந்தவர், திடீரென்று 'உன்னையே' என்று நேருக்கு நேர் பேசுகிறார். புகழ்ந்துகொண்டே போனவர் சந்நிதானத்துக்குள் நுழைந்துவிட்டதுபோல. மேலும் 'வணங்குகிறேன்' இல்லை, 'வணங்குகிறோம்'. வீட்டு அறையில் தனியாகத் தஹஜ்ஜுத் தொழும் ஒருவரும் 'நாங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். ஜமாஅத்தோடு சண்டை போட்டுக்கொண்டு ஒதுங்கி இருப்பவரும் அப்படித்தான் சொல்கிறார்.

ஒரு ஸேர், ஒரு பேஷ் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நஹ்வுக் கலையின் தொடக்கத்தில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. சூரத்துத் தவ்பாவின் 3-ஆவது வசனத்தில், அல்லாஹ் இணைவைப்போரை விட்டு விலகியவன், அவனுடைய ரஸூலும் அப்படியே என்ற பொருள் வரும் இடம். 'ரஸூலுஹூ' என்று பேஷ் வைத்து ஓத வேண்டியதை ஒருவர் 'ரஸூலிஹி' என்று ஸேர் வைத்து ஓதிவிட்டார். பொருள் தலைகீழாகி, அல்லாஹ் தன் ரஸூலையும் விட்டு விலகியவன் என்றாகிவிட்டது, மஆதல்லாஹ். அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் இலக்கணத்தையும் குறியீடுகளையும் வகுக்க முனைந்ததற்கு இதை ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

அந்தக் கலையின் மிகப் பெரிய நூலை எழுதியவர் யார் தெரியுமா? ஸீபவைஹி (ரஹ்). ஹிஜ்ரி 2-ஆம் நூற்றாண்டு. அவர் அரபி இல்லை, பாரசீகர். பஸராவில் ஹதீஸ் எழுதக் கற்றுக்கொண்டிருந்தபோது, 'அபத் தர்தா' என்று வர வேண்டிய இடத்தை 'அபுத் தர்தா' என்று சொல்லிவிட்டார். உஸ்தாத் ஹம்மாத் இப்னு ஸலமா (ரஹ்) தவறு என்று திருத்தினார்கள். பலர் முன்னால் பட்ட அந்த வெட்கத்தில், இனி யாரும் என்னைத் திருத்த முடியாத அளவுக்கு இந்தக் கலையைக் கற்பேன் என்று கிளம்பினவர், அரபிகளுக்கே அரபி இலக்கணம் தந்தார். நமக்கும் அரபி தாய்மொழி இல்லை, அவருக்கும் இல்லை.

நம் ஊர்களிலும் அரபி எழுத்து அந்நியமாக இருந்ததில்லை. காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் நம் மூதாட்டிகள் தமிழையே அரபி எழுத்தில் எழுதிப் படித்தார்கள். அர்வி என்று சொல்லும் அறபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் 'மகானீ' என்ற ஃபிக்ஹு நூலை அதில்தான் எழுதினார்கள். மசாலா அரைத்துக்கொண்டே மஸ்அலா பேசிய பெண்கள் இருந்த சமூகம் இது. இன்று நாம் யாஸீனைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து ஓதிக்கொண்டிருக்கிறோம். தமிழ் எழுத்தில் 'கல்பு' என்று எழுதினால் பெரிய காஃபா, சின்ன காஃபா? பெரிய காஃப் என்றால் இதயம். சின்ன காஃப் என்றால் நாய். அல்லாஹ்வே, என் கல்பை நேராக்கு என்று துஆ கேட்கும்போது எதைக் கேட்கிறோம் என்று கவனமாக இருங்கள்!

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான்கு சொல் தெரிந்தவுடன் ஃபத்வா கொடுக்கக் கிளம்புபவர்கள் இருக்கிறார்கள். அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அசல் அரபி, ஹாத்திம் தாயின் மகன். ஸஹர் நேரம் பற்றிய வசனத்தில் வெள்ளைக் கயிறு, கறுப்புக் கயிறு என்று வந்ததை அப்படியே எடுத்துக்கொண்டு, தலையணைக்கு அடியில் இரண்டு கயிறு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இரவின் கருமையும் பகலின் வெண்மையும் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். மொழி முழுதாகத் தெரிந்தவருக்கே உஸ்தாத் தேவைப்பட்டது. யூடியூபில் பத்து நாள் பாடம் பார்த்தவருக்குத் தேவைப்படாதா? நான் உங்களைக் கூப்பிடுவது தொழுகையில் மனம் நிற்பதற்காக. சட்டம் எடுக்க ஏழு வருடம் வேண்டும், அதற்குப் பிறகும் பயம் வேண்டும்.

அந்தப் பெரியவரிடம் திரும்ப வருகிறேன். மறுநாள் ஃபஜ்ரு முடிந்து அவர் போகவில்லை, உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லுங்க ஹஜ்ரத்" என்றார். ஒரு நாளைக்கு ஒரு சொல் என்று ஆரம்பித்தோம். இரண்டாம் நாள் அவர் பேரனின் பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பெருநாளன்றும் விடவில்லை. போன வாரம் 'நஸ்தயீன்' வரை வந்திருக்கிறோம். இடையில் மறந்துபோன சொற்களைத் திரும்பப் பார்க்கவும் நாட்கள் போயின. வயது அப்படி.

"எப்படி இருக்கு பாய்?" என்று கேட்டேன். பெரிய வார்த்தை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் உண்மையைச் சொன்னார். "முன்னாடி தக்பீர் கட்டுனதும் கடைக் கணக்கு ஓடும் ஹஜ்ரத். இப்பவும் ஓடுது. ஆனா இய்யாக்க வரும்போது மட்டும் நின்னுருது. அதுக்கப்புறம் திரும்ப ஓடுது."

அவர் கணக்கு நிற்கும் அந்த இடம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இருபது வருடம் ஓதவைத்தவன் நான், எனக்கே எல்லா நாளும் அந்த இடத்தில் நிற்பதில்லை.

ஆகவே ஜமாஅத்தார்களே, முத்தவல்லி சாஹிபிடம் பேசிவிட்டேன். நாளை சனிக்கிழமை ஃபஜ்ரிலிருந்து, ஸலாம் கொடுத்து திக்ரு முடிந்ததும் பத்து நிமிடம், மிம்பருக்கு இடது பக்கம். முதலில் ஃபாத்திஹா. பிறகு அத்தஹிய்யாத்தும் ருகூஉ, ஸுஜூது தஸ்பீஹ்களும். அதன்பின் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்கும் சின்னச் சூராக்கள், வல்அஸ்ரி முதல் நாஸ் வரை. கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும். அலிஃப் பே தெரியாதவர்களும் வரலாம், அவர்களுக்கு முஅத்தின் சாஹிப் தனியாக எழுத்துச் சொல்லித் தருவார். பெண்களுக்கு ஞாயிறு அஸருக்குப் பிறகு மதரஸா கட்டடத்தில், என் மனைவி நடத்துவார். அவரும் ஆலிமா பட்டம் பெற்றவர், என்னைவிடப் பொறுமைசாலி. மக்தப் பிள்ளைகளுக்கு இந்த வருடத்திலிருந்து ஓதும் பாடத்தோடு தினம் ஒரு சொல்லுக்குப் பொருளும் சேர்த்திருக்கிறேன். இன்று என்ன சொல் படித்தாய் என்று வீட்டில் கேளுங்கள். பிள்ளை சொல்வது உங்களுக்கும் பாடமாகிவிடும்.

முதல் நாள் பத்துப் பேர் வந்தாலும் நடக்கும், அந்தப் பெரியவர் ஒருவரே வந்தாலும் நடக்கும். அவர் எப்படியும் வந்துவிடுவார்.

யா அல்லாஹ்! எங்கள் ஓதலைக் கபூல் செய்வாயாக. நாங்கள் ஓதுவதை எங்களுக்கு விளங்கச் செய்வாயாக. உன் ரஸூல் (ஸல்) அவர்கள் முறையிடும் நாளில், அந்த முறையீட்டில் எங்களைச் சேர்த்துவிடாதே. ஆமீன், யா றப்பல் ஆலமீன்.